அச்சில் நிலைத்தல்: அமெரிக்கப் பெண் புனைகதையாளர் ஐவரின் எழுத்து வாழ்வும் நூல்களின் மறைவும் மீட்பும்

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க நூற்சந்தையில் பெண் புனைகதையாளர்கள் முன்னணியில் இருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர்களுள் பெரும்பாலோர் இலக்கிய வரலாறுகளிலும் பாடத்திட்டங்களிலும் இடம்பெறவில்லை. 1970களுக்குப் பின்னர் அவர்களுள் சிலர் மீண்டும் வாசிக்கப்பட்டனர். ஃபேனி ஃபெர்ன், ஹேரியட் வில்சன், லூயிசா மே ஆல்காட், கேட் ஷோபான், ஸோரா நீல் ஹர்ஸ்டன் ஆகிய ஐவரின் எழுத்து வாழ்வை முன்வைத்து இம்மாற்றத்தை இக்கட்டுரை விளக்குகிறது. ஓர் எழுத்தாளரின் நிலைபேற்றைப் படைப்பின் தகுதியோடு வருவாய் உரிமை, பெயர் உரிமை, மறுபதிப்பு என்னும் மூன்று புறக்காரணிகளும் தீர்மானிக்கின்றன என்பதும், மீட்டெடுக்கும் ஆய்வும் மறுஆய்வுக்கு உட்பட வேண்டியது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள்.

திறவுச்சொற்கள்: அமெரிக்கப் பெண் எழுத்து, பதிப்புரிமை, புனைபெயர், மறுபதிப்பு, இலக்கிய வரலாறு, ஆவண ஆய்வு.

முன்னுரை

1850ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த சூசன் வார்னரின் ‘தி வைட், வைட் வேர்ல்டு’ நாவல் பல பதிப்புகளைக் கண்டது. 1852இல் நூலாக வந்த ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ முதல் ஓராண்டிலேயே அமெரிக்காவில் ஏறத்தாழ 3 இலட்சம் படிகள் விற்றது. இந்நிலையைக் கண்டு மனம் வெதும்பிய நதேனியல் ஹாத்தார்ன், பெண் எழுத்தாளர் கூட்டம் சந்தையைக் கைப்பற்றிவிட்டது என்று 1855இல் தம் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். அன்றைய நூற்சந்தையில் பெண்கள் பெற்றிருந்த இடத்திற்கு அக்கடிதமே சான்றாக அமைகிறது.

எனினும், அதே 1850களை அமெரிக்க இலக்கியத்தின் பொற்காலமாக நிறுவிய எஃப். ஓ. மாத்தீசனின் ‘அமெரிக்கன் ரினைசன்ஸ்’ (1941) எமர்சன், தோரோ, ஹாத்தார்ன், மெல்வில், விட்மன் ஆகிய ஐந்து ஆண்களையே மையமாகக் கொண்டது. பல்கலைக்கழகக் கல்வியில் ஆழ்ந்த செல்வாக்குப் பெற்ற அந்நூலின் மையத்தில் ஒரு பெண்ணும் இல்லை. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டு இடைவெளியில், மிகுதியாக வாசிக்கப்பட்டவர்கள் எவ்வாறு இலக்கிய வரலாற்றின் புறத்தே நின்றனர்? பின்னர் எவ்வாறு மீண்டனர்? இவ்வினாக்களுக்கு விடை காண, வெவ்வேறு காலத்தையும் இனத்தையும் பொருளாதார நிலையையும் சார்ந்த ஐந்து எழுத்தாளர்கள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றனர்.

1. வருவாய் உரிமை: ஃபேனி ஃபெர்ன் (1811–1872)

சாரா பேசன் வில்லிஸ் என்பது ஃபேனி ஃபெர்னின் இயற்பெயர். 1846இல் முதற்கணவர் இறந்தார். வறுமையின் நெருக்கடியில் மேற்கொண்ட இரண்டாம் மணம் முறிந்தது. குழந்தைகளைக் காக்க 1851இல் பாஸ்டன் இதழ்களுக்கு எழுதத் தொடங்கினார். புகழ்பெற்ற இதழாசிரியராக விளங்கிய அவருடைய உடன்பிறந்தார் நதேனியல் பார்க்கர் வில்லிஸ், தங்கையின் எழுத்தை வெளியிட மறுத்தார். நான்கே ஆண்டுகளில், 1855இல், ‘நியூயார்க் லெட்ஜர்’ வார இதழ் ஒரு பத்திக்கு 100 டாலர் வழங்கி ஃபெர்னை எழுதச் செய்தது. அக்காலத்தில் இது பெருந்தொகை. இறக்கும்வரை அவ்விதழில் அவர் தொடர்ந்து எழுதினார்.

அவருடைய ‘ரூத் ஹால்’ நாவல் (1855) இவ்வனுபவங்களின் புனைவாக்கம். கணவனை இழந்த ஒருத்தி எழுதிப் பிழைப்பதை அது கூறுகிறது. பதிப்புரிமையை ஒரே தொகைக்கு விற்றுவிடுமாறு பதிப்பாளர் கேட்க, கதைத்தலைவி அதை மறுத்து, விற்பனைக்கேற்ற உரிமத்தொகையைத் தேர்ந்தெடுக்கிறாள். திருமணத்தில் முடிவது அக்காலப் பெண்கள் நாவலின் மரபு. இந்நாவலோ அம்மரபிலிருந்து விலகி, தலைவி பெற்ற வங்கிப் பங்குப் பத்திரத்தின் உருவத்தையே அச்சிட்டுக் காட்டுகிறது.

இதன் பொருளை உணர அன்றைய சட்டத்தை அறிதல் வேண்டும். ஆங்கிலப் பொதுச்சட்ட மரபின்படி மணமான பெண்ணின் வருவாய் கணவனுக்கே உரியது. நியூயார்க் மாநிலத்தில் மனைவி தன் உழைப்பூதியத்தைத் தனக்கே உரிமையாக்கிக்கொள்ள 1860ஆம் ஆண்டுச் சட்டமே வழிசெய்தது. 1856இல் ஜேம்ஸ் பார்ட்டனை மணந்தபோது, தம் எழுத்து வருவாய் தமக்கே உரியது என்று ஃபெர்ன் முன்னதாகவே ஒப்பந்தம் செய்துகொண்டார். சட்டம் தராத உரிமையை அவர் உடன்படிக்கையால் பெற்றார்.

இத்துணைப் புகழ்பெற்றவரின் நாவலும் இருபதாம் நூற்றாண்டின் வாசிப்பிலிருந்து விலகிப்போயிற்று. 1986இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பகம் ‘ரூத் ஹால்’ நாவலை மறுபதிப்புச் செய்த பின்னரே அது வகுப்பறைகளை எட்டியது. வாழ்நாள் வெற்றி நிலைபேற்றுக்கு உறுதி தருவதில்லை என்பதற்கு ஃபெர்ன் முதற்சான்று.

2. பதிப்பாளர் துணையின்றி ஒரு நாவல்: ஹேரியட் வில்சன் (1825–1900)

ஃபெர்ன் லெட்ஜரில் எழுதிவந்த அதே ஆண்டுகளில், நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த கறுப்பினப் பெண் ஒருவரும் குழந்தையைக் காக்கவே எழுதினார். 1859இல் பாஸ்டன் அச்சகம் ஒன்றில் அச்சான ‘அவர் நிக்’ நாவலின் ஆசிரியர் ஹேரியட் வில்சன். கறுப்பினத்தவரை இழித்துரைக்கும் சொல்லைத் தலைப்பிலேயே கொண்ட இந்நாவல், அடிமைமுறை ஒழிந்த வடமாநிலத்தில் வெள்ளையர் வீடொன்றில் பணிக்காரச் சிறுமி பட்ட கொடுமையைச் சித்திரிக்கிறது. தமக்கும் தம் குழந்தைக்கும் பிழைப்புத் தேடியே எழுதியதாக முன்னுரையில் ஆசிரியர் கூறி, தம் இனத்தவரின் ஆதரவை வேண்டுகிறார்.

நூல் விற்கவில்லை. தென்மாநில அடிமைமுறையை எதிர்த்த வடமாநில வாசகர்களுக்குத் தம் வீட்டு வாசலிலேயே நிகழ்ந்த கொடுமையைக் காட்டிய கதை உவப்பாக இருந்திராது. வெளிவந்து சில மாதங்களில், 1860ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், எந்தக் குழந்தைக்காக நூல் எழுதப்பட்டதோ அக்குழந்தை ஏழு வயதில் இறந்தது.

ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்நூல் ஆய்வாளர் கவனத்தைப் பெறவில்லை. அறிந்த சிலரும் ஆசிரியர் வெள்ளையராக இருக்கலாம் எனக் கருதினர். ஹென்றி லூயி கேட்ஸ் 1983இல் இதனை மறுபதிப்பித்தபோது, ஆசிரியர் கறுப்பினப் பெண்ணே என்று நிறுவ உதவிய முதன்மைச் சான்று, அவர் மகனின் இறப்புச் சான்றிதழ். தாயின் பெயரையும் இனத்தையும் அது பதிவு செய்திருந்தது. குழந்தையைக் காக்கத் தவறிய நூல், அக்குழந்தையின் இறப்பு ஆவணத்தால் தன் ஆசிரியரைத் திரும்பப் பெற்றது.

ஆய்வு அங்கு நிற்கவில்லை. வில்சன் நாவல் எழுதியபின் வறுமையில் மறைந்தார் என்றே முதலில் எண்ணப்பட்டது. பின்வந்த ஆய்வாளர்கள் நாளிதழ்களையும் அரசுப் பதிவேடுகளையும் தேடி, அவர் கூந்தல் பராமரிப்புப் பொருள்களை விற்றதையும், ஆவியுலகவாத இயக்கத்தின் சொற்பொழிவாளராகப் பெயர் பெற்றதையும், 1900இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குவின்சியில் இறந்ததையும் கண்டறிந்தனர். துன்பத்தின் உருவமாக மட்டும் காணப்பட்ட பெண், பல தொழில் அறிந்த பொதுவாழ்வினராகவும் வெளிப்பட்டார்.

3. பெயர் உரிமை: லூயிசா மே ஆல்காட் (1832–1888)

ஆல்காட் என்றும் மறக்கப்படாதவர். எனவே, மறைவைப் பற்றிய ஆய்வில் அவருக்கு இடமென்ன என்ற ஐயம் எழலாம். அவர் எழுத்தின் ஒரு பாதி மறைந்திருந்தது என்பதே இதற்கு விடை.

தந்தை பிரான்சன் ஆல்காட் சிந்தனையாளர். நிலையான வருவாய் இல்லாதவர். தையல், ஆசிரியப்பணி, வீட்டுப்பணி எனப் பலவற்றால் குடும்பத்தைத் தாங்கிய மகள், கதை எழுதுதலையும் அவ்வரிசையிலேயே வைத்தார். உள்நாட்டுப் போரில் செவிலியராகப் பணியாற்றி நோயுற்றுத் திரும்பிய அனுபவம் ‘ஹாஸ்பிடல் ஸ்கெட்சஸ்’ (1863) நூலாயிற்று. 1868இல் பதிப்பாசிரியர் தாமஸ் நைல்ஸ் சிறுமியருக்கான கதை ஒன்றைக் கேட்டார். தயக்கத்துடனேயே ஆல்காட் எழுதிய ‘லிட்டில் விமன்’ அவர் குடும்பத்தின் கடன்களைத் தீர்த்தது. மொத்தத் தொகைக்கு விற்காமல் பதிப்புரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்ளுமாறு நைல்ஸ் கூறிய அறிவுரையை ஏற்றது அவர் எழுத்து வாழ்வின் திருப்புமுனை. ‘ரூத் ஹால்’ நாவலின் தலைவி எடுத்த முடிவும் இதுவே.

‘லிட்டில் விமன்’ நாவலின் ஜோ, பணத்திற்காகப் பரபரப்புக் கதைகளைப் பெயரின்றி எழுதிப் பின்னர் அதற்கு நாணுகிறாள். ஆசிரியரும் அவ்வாறு எழுதியிருக்கக்கூடும் என்ற ஊகம் இருந்தது, சான்று இல்லை. லியோனா ராஸ்டன்பெர்க் என்னும் அரிய நூல் ஆய்வாளர், ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் இருந்த, ஆல்காட்டுக்குப் பதிப்பாளர் எழுதிய கடிதங்களைக் கொண்டு, ‘ஏ. எம். பர்னார்டு’ என்ற புனைபெயர் ஆல்காட்டுடையதே என 1943இல் நிறுவினார். அக்கதைகள் சிலவற்றை மேடலின் ஸ்டெர்ன் 1975இல் ‘பிஹைண்ட் எ மாஸ்க்’ என்ற தொகுப்பாக வெளியிட்டார்.

தலைப்புக் கதை 1866இல் வெளிவந்தது. பணிவும் இளமையும் கொண்டவளாக நடித்துச் செல்வர் குடும்பத்தை வென்றெடுக்கும் இல்ல ஆசிரியை ஒருத்தியே அதன் தலைவி. இறுதிவரை அவள் தண்டிக்கப்படுவதில்லை. குடும்பப் பண்பின் ஆசிரியராகக் கருதப்பட்டவர், குடும்பப் பண்பு என்பதே ஒரு நடிப்பாக இருக்கக்கூடும் என்று எழுதியிருந்தார். ஒரே பெயரின் கீழ் வாசித்தவரை இம்முரண் புலப்படவில்லை. புனைபெயர் பெண்ணுக்கு எழுதும் உரிமையைத் தந்தது. அதே வேளையில் அவருடைய எழுத்தின் முழுமையை வாசகரிடமிருந்து மறைத்தது.

4. திறனாய்வின் தீர்ப்பு: கேட் ஷோபான் (1850–1904)

செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்த ஷோபான், மணத்திற்குப்பின் லூசியானாவில் வாழ்ந்தார். 1882இல் கணவர் இறந்தபோது அவருக்கு ஆறு குழந்தைகள். பிறந்த ஊர் திரும்பி எழுதத் தொடங்கினார். சொத்து வருவாய் இருந்ததால் அவர் எழுத்தையே நம்பி வாழவில்லை. முதல் நாவல் ‘அட் ஃபால்ட்’ (1890) அவர் தம் செலவிலேயே வெளியிட்டது. ‘பேயூ ஃபோக்’ (1894) சிறுகதைத் தொகுப்பு அவருக்கு வட்டார எழுத்தாளர் என்ற நற்பெயரைத் தந்தது. 1899இல் வெளிவந்த ‘தி அவேக்கனிங்’ நாவலோ கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. மனைவி, தாய் என்னும் நிலைகளுக்குள் அடங்காத எட்னா பாண்டெலியரைக் கண்டிக்காமல் எழுதியது மதிப்புரையாளர்கள் கண்ட குற்றம். அடுத்த ஆண்டில், ‘எ வொகேஷன் அண்ட் எ வாய்ஸ்’ என்ற கதைத் தொகுப்பின் கைப்படியைப் பதிப்பகம் திருப்பி அனுப்பியது. அத்தொகுப்பு தனிநூலாக வெளிவந்தது 1991இல்தான்.

ஷோபானின் மீட்பு அயல்நாட்டில் தொடங்கியது குறிப்பிடத்தக்கது. 1950களில் சிரில் ஆர்னவோன் ‘தி அவேக்கனிங்’ நாவலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். அவருடைய தூண்டுதலால் நார்வே ஆய்வாளர் பெர் சேயர்ஸ்டெட் நீண்டகாலம் உழைத்து, 1969இல் ஷோபானின் வாழ்க்கை வரலாற்றையும் முழுத் தொகுப்பையும் வெளியிட்டார். ஷோபான் 1898இல் எழுதி, வெளியிட முயலாமல் வைத்திருந்த ‘தி ஸ்டார்ம்’ சிறுகதை அத்தொகுப்பில்தான் முதன்முதலாக அச்சேறியது.

5. ஆதரவும் அதன் விலையும்: ஸோரா நீல் ஹர்ஸ்டன் (1891–1960)

அலபாமாவில் பிறந்த ஹர்ஸ்டன், கறுப்பினத்தவரே ஆட்சி செய்த ஃபுளோரிடாவின் ஈட்டன்வில் சிற்றூரில் வளர்ந்தார். பர்னார்டு கல்லூரியில் பயின்று, மானிடவியலர் ஃபிரான்ஸ் போவாஸின் வழிகாட்டலில் நாட்டார் வழக்காறுகளைத் திரட்டினார். 1927இல் சார்லட் ஆஸ்குட் மேசன் என்னும் செல்வச் சீமாட்டி மாதம் 200 டாலர் வழங்க ஒப்பினார். ஆனால், திரட்டப்படும் தரவுகள் புரவலருக்கே உடைமை என்பது ஒப்பந்தம். ஃபெர்னும் ஆல்காட்டும் போராடிப் பெற்ற பதிப்புரிமை, இனமும் வறுமையும் ஒருங்கே நெருக்கிய ஹர்ஸ்டனுக்கு எளிதில் கிட்டவில்லை.

‘தெயர் ஐஸ் வேர் வாட்சிங் காட்’ நாவலை ஹைட்டியில் ஏழே வாரங்களில் எழுதினார். 1937இல் அது வெளிவந்தபோது, இனக்கொடுமையை எதிர்த்துப் போராடும் நோக்கு அதில் இல்லை என ரிச்சர்டு ரைட் கடிந்துரைத்தார். ஜேனி என்னும் பெண்ணின் காதலையும் தற்சிந்தனையையும் அவள் பேச்சுமொழியிலேயே கூறுவது அரசியலாகாது என்ற கருத்து அன்று வலுவாக இருந்தது. ஏழு நூல்கள் வெளியிட்டும், எந்த ஒரு நூலும் அவருக்கு 1000 டாலர் உரிமத்தொகையை ஈட்டித் தரவில்லை. 1950இல் அவர் மயாமியில் வீட்டுப்பணி செய்தார். 1960இல் ஃபோர்ட் பியர்ஸ் நலக்காப்பகம் ஒன்றில் இறந்து, அடையாளக்கல் இல்லாத குழியில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய தாள்கள் எரிக்கப்பட்டபோது, அவரை அறிந்திருந்த காவல் அலுவலர் ஒருவர் தீயை அணைத்து அவற்றைக் காத்தார். விளிம்பு கருகிய அத்தாள்கள் இன்று ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆவணக்காப்பகத்தில் உள்ளன.

1973இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் அக்கல்லறைத் தோட்டத்தைத் தேடிச்சென்று கல் நாட்டினார். 1975இல் ‘மிஸ்’ இதழில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் நவீன மொழிகள் சங்க மாநாட்டில், அச்சில் இல்லாத ஹர்ஸ்டனின் நாவலை மீண்டும் பதிப்பிக்கக் கோரும் மனு ஆசிரியர்களிடையே சுற்றுக்கு விடப்பட்டது. ராபர்ட் ஹெமன்வேயின் வாழ்க்கை வரலாறு 1977இலும், இல்லினாய் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் மறுபதிப்பு 1978இலும் வந்தன.

6. மறுபதிப்பு என்னும் கருவி

மேற்கண்ட ஐந்து வரலாறுகளிலும் மீட்புக்குரிய பணிகள் ஒத்திருக்கின்றன: ஆவணத்தைத் தேடுதல், பாடத்தைச் செப்பம் செய்தல், முன்னுரையுடன் மலிவான பதிப்பாக வெளியிடுதல், பாடத்திட்டத்தில் சேர்த்தல். இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் மீட்பு முழுமையடைவதில்லை. பர்னார்டு புனைபெயர் 1943இலேயே வெளிப்பட்டபோதும், கதைகள் நூல்வடிவம் பெற்ற 1975க்குப் பின்னரே பொது வாசகரும் வகுப்பறையும் அவற்றை அணுக முடிந்தது.

பெண்ணிய இயக்கம் இப்பணிகளுக்கு நிறுவன வடிவம் தந்தது. ஃபுளோரன்ஸ் ஹோ 1970இல் தொடங்கிய ஃபெமினிஸ்ட் பிரஸ், ரெபெக்கா ஹார்டிங் டேவிஸின் ‘லைஃப் இன் தி அயர்ன் மில்ஸ்’ கதையை 1972இலும், சார்லட் பெர்க்கின்ஸ் கில்மனின் ‘தி யெல்லோ வால்பேப்பர்’ கதையை 1973இலும் தனிநூல்களாக்கியது. டேவிஸின் கதை 1861இல் ‘அட்லாண்டிக் மன்த்லி’ இதழில் பெயரின்றி வந்தது. எழுத்தாளர் டில்லி ஓல்சன் தம் பதின்பருவத்தில் பழம்பொருள் கடையில் வாங்கிய பழைய இதழ்த் தொகுதியில் அதைப் படித்தவர். அவருடைய விரிவான பின்னுரையுடனேயே மறுபதிப்பு வந்தது. நீனா பேமின் ‘வுமன்ஸ் ஃபிக்ஷன்’ (1978), ஜேன் டாம்கின்ஸின் ‘சென்சேஷனல் டிசைன்ஸ்’ (1985) ஆகிய ஆய்வுகள், இலக்கியத் தகுதி பற்றிய அளவுகோல்களையே வினாவுக்குட்படுத்தின. பால் லாட்டரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட ஹீத் தொகைநூல் (1990) இம்மாற்றத்தைப் பாடநூலாக்கியது.

7. மீட்பின் வரம்புகள்

மீட்டெடுப்போரின் பரிவு சில வேளைகளில் புதிய புனைவுகளை உருவாக்கிவிடும். ‘தி அவேக்கனிங்’ செயின்ட் லூயிஸ் நூலகங்களில் தடை செய்யப்பட்டது என்ற செய்தி பல நூல்களில் இடம்பெற்றது. ஷோபானின் வாழ்க்கை வரலாற்றாளர் எமிலி டோத் நூலகப் பதிவுகளைத் தேடி, தடைக்குச் சான்றில்லை என்று காட்டினார். கைப்படி திருப்பி அனுப்பப்பட்டதற்கும், பதிப்பகம் தன் வெளியீடுகளைக் குறைத்துக்கொண்டது காரணமாக இருக்கலாம். தடைசெய்யப்பட்ட நாவல் என்னும் சித்திரம் கவர்ச்சியானது; எனினும் அது மதிப்புரை, சந்தை, பதிப்பகப் பொருளியல் ஆகியவற்றின் நுண்ணிய செயற்பாட்டை மறைத்துவிடுகிறது.

கில்மனின் நிலை வேறு வகையானது. ஓய்வு மருத்துவத்தின் பெயரால் பெண்ணின் அறிவுச் செயற்பாடு முடக்கப்பட்டதைக் காட்டிய அவருடைய கதை, மீட்கப்பட்ட காலத்தில் அனைத்துப் பெண்களின் குரலாக வாசிக்கப்பட்டது. அவருடைய பிற எழுத்துகளில் காணும் இனவாத, இனமேம்பாட்டுவாதக் கருத்துகளைப் பிற்கால ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்தனர். எழுத்தாளரின் ஒரு பகுதியை மட்டும் மீட்பது, ஆல்காட்டின் ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைத்ததற்கு ஒப்பானதே.

ஹர்ஸ்டனின் கல்லறைக் கல் இவ்வரம்புக்குக் கண்கூடான சான்று. வாக்கர் நாட்டிய கல்லில் பிறந்த ஆண்டு 1901 எனப் பொறிக்கப்பட்டுள்ளது. ஹர்ஸ்டன் தம் வயதைக் குறைத்துக் கூறிவந்தார். 1891 என்ற ஆண்டு பிற்கால ஆய்வில்தான் உறுதியாயிற்று. கல் நாட்டப்படாமல் இருந்திருப்பின் அப்பிழையைத் திருத்தும் ஆய்வுக்கும் இத்துணைத் தேவை எழுந்திராது. எனவே, பிழை நேரும் என்பது மீட்புப் பணியைக் கைவிடுவதற்குரிய காரணமாகாது. மீட்கப்பட்டதை மீண்டும் ஆவணங்களோடு ஒப்பிட வேண்டிய கடமையையே அது உணர்த்துகிறது.

முடிவுரை

ஐவரும் தம் காலத்தில் எழுதத் தடையின்றி இருந்தவர்கள் என்று கூறவியலாது. எனினும் ஐவரும் எழுதினர், அச்சிலும் ஏறினர். ஃபெர்னும் ஆல்காட்டும் வருவாய் உரிமையைக் காத்துக்கொண்டனர். வில்சனுக்கும் ஹர்ஸ்டனுக்கும் இனமும் வறுமையும் அவ்வுரிமையைச் சுருக்கின. ஷோபானுக்கு வருவாய் இருந்தும் வாசகர் ஏற்பு வாய்க்கவில்லை. இவ்வேறுபாடுகளைக் கடந்து, பிற்கால வாசகரை அவர்கள் எட்டியது மறுபதிப்பின் வழியாகவே.

இலக்கிய வரலாற்றில் ஒருவர் இல்லை என்பதைக் கொண்டு அவர் எழுதவில்லை என்றோ, வாசிக்கப்படவில்லை என்றோ, வாசிக்கத் தகுதியற்றவர் என்றோ முடிவுசெய்தல் பொருந்தாது. இறப்புச் சான்றிதழ், பதிப்பாளர் கடிதம், பழைய இதழ்த் தொகுதி, கருகிய தாள் ஆகிய எளிய சான்றுகளே இங்குக் கண்ட மீட்புகளுக்கு வழிவகுத்தன. அவை அழிவதற்குள் தேடப்பட்டதால் இந்நூல்கள் இன்று நம் கைகளில் உள்ளன. அவ்வாறு தேடப்படாமல் அழிந்தவை எத்தனை என்பதைக் கணக்கிட எந்த ஆவணமும் எஞ்சியிருக்காது. ஆய்வாளரின் பணி விரைந்து செய்யப்பட வேண்டியது என்பதற்கு இதனினும் வலிய காரணம் வேண்டுவதில்லை.